முதுமையும் வேனிலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், முதியோர் நலக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



பொங்கற் பானையின் சூடு ஆறுமுன் வெயிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இன்று காலை இம்மண்டபத்துக்குள் நுழைந்தபோது உங்களில் சிலர் தோளில் சால்வை போர்த்தியிருந்தீர்கள். இந்தக் குளிர்ச்சியில் வெயிலுக்கு என்ன அவசரம் என்று உங்களுக்குத் தோன்றலாம். வெயில் வந்தபின் வெயிலைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்பதே எங்கள் விடை. முதியவர் ஒருவரின் உடல் வெயிலுக்குப் பழக இரண்டு வாரமேனும் வேண்டும். அந்த இரண்டு வாரத்தை வெயில் நமக்குத் தராது. தை மாதமும் மாசி மாதமுமே தரும்.

முதலில் நம்மவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய இசைவைப் பெற்றே சொல்கிறோம், பெயரைச் சொல்லவில்லை. திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். இளமையில் இந்நகருக்கு வந்து, தாராவியில் தகரக் கூரையின் கீழ்க் குடும்பம் நடத்தி, இரும்போடும் நெருப்போடும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். மகன் படித்து உயர்ந்தபின் செம்பூரில் நான்காம் மாடி வீட்டுக்குக் குடிபோனார். அவருடைய அறையில் மகன் குளிர்சாதனம் பொருத்திக் கொடுத்தார். பங்குனி மாதத்தில் ஒரு நாள், கடற்காற்று வராமல் நகரமே அடுப்புப்போல் காய்ந்தது. அந்த நேரத்தில் குளிர்சாதனம் பழுதாயிற்று. மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றிருந்தனர். “ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் குடியுங்கள்” என்று தொலைபேசியில் சொன்னார் மகன். பெரியவர் சிரித்தாராம். “எனக்கு வெயில் புதிதா, தம்பி? நான் பிறந்ததே வெயிலில்” என்றாராம்.

மூன்றாம் நாள் பிற்பகல், பள்ளியிலிருந்து திரும்பிய பேரன் தாத்தாவைக் கட்டிலில் கண்டான். அவர் கண் திறந்திருந்தது. ஆனால் பேரனை அடையாளம் தெரியவில்லை. ஊரில் இறந்துபோன தம் அண்ணனோடு ஏதோ வழக்குப் பேசிக்கொண்டிருந்தார். உடல் கொதித்தது. மருத்துவர்கள் உயிரை மீட்டுக் கொடுத்தார்கள். அவர்களுக்கு நம் நன்றி. ஆயினும் அவர் பழைய ஆளாக எழவில்லை. நூறு பேரின் ஊரும் உறவும் விரல் நுனியில் வைத்திருந்த மனிதர் இன்று பேரனின் பெயரையே சில சமயம் தேடுகிறார்.

அன்று அந்த வீட்டுக்குச் சென்ற எங்கள் குழுவினர் கண்ட காட்சி ஒன்றை மறக்க முடியவில்லை. கட்டிலின் அருகில், மருமகள் காலையில் நிறைத்து வைத்த மண்பானை இருந்தது. அதில் ஒரு குவளை நீரும் குறையவில்லை.

பெருமக்களே! அவருக்குத் தண்ணீர் இருந்தது, தாகம் வரவில்லை. பிறந்த ஊரின் வெயில் நினைவில் இருந்தது, உடலில் இல்லை. அவரை நேசிக்கும் குடும்பம் இருந்தது. அந்த மூன்று பகலிலும் அருகில் எவரும் இல்லை. இந்த மூன்றைப் பற்றியே நாங்கள் பேசப் போகிறோம்.

“வெயில் நமக்குப் புதிதா?” என்னும் சொல் அந்தப் பெரியவரின் சொல் மட்டும் அன்று, நம் எல்லோருடைய வாயிலும் இருக்கும் சொல். தென்பாண்டிச் சீமையின் தேரிக்காட்டு மணலில் வெறுங்காலோடு நடந்தவர்கள் நாம். வட ஆர்க்காட்டுக் கோடையில் வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பெருமையில் பொய் இல்லை. ஆனால் உடம்பு பெருமையை அறியாது. வெயிலைத் தாங்கும் ஆற்றல் பிறப்போடு வருவதும் அன்று, ஒருமுறை பெற்றால் நிலைத்து நிற்பதும் அன்று. உடல் அதைச் சில நாட்களில் கற்கிறது. சில வாரங்களில் மறக்கிறது.

இதை விளக்கமாகச் சொல்கிறோம். நம் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முதன்மையாக இரண்டு வழிகள் உண்டு. குருதியைத் தோலுக்கு அனுப்பி வெப்பத்தை வெளியே விடுவது ஒன்று. வியர்வையைச் சுரந்து, அது ஆவியாகும்போது வெப்பத்தைக் கொண்டு போகச் செய்வது மற்றொன்று. ஒரு லிட்டர் வியர்வை முற்றும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். வியர்வை வழிந்து தரையில் சொட்டினால் அந்தப் பயன் இல்லை, ஆவியாக வேண்டும். மும்பையின் காற்றிலோ ஈரம் மிகுதி. ஆகவே இங்கு வியர்வை ஆறாமல் முதுகிலேயே நிற்கிறது. வறண்ட ஊரில் 40 பாகையில் தாங்கும் மனிதர் இங்கு 35 பாகையில் தளர்வதற்குக் காரணம் இதுவே.

வெயிலுக்கு நாள்தோறும் சிறிது சிறிதாக உடலை உட்படுத்தினால் அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. குருதியில் நீரின் அளவு கூடுகிறது. அதனால் இதயம் முன்னைவிட நிதானமாகத் துடித்தே அதே வேலையைச் செய்கிறது. வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது, மிகுதியாகச் சுரக்கிறது, அதே நேரத்தில் அதிலே போகும் உப்புக் குறைகிறது. இந்த மாற்றத்தின் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே நிகழ்ந்து, இரண்டாம் வாரத்தில் ஏறத்தாழ நிறைவு பெறும். வெயிலை விட்டு நீங்கினாலோ ஒரு வாரத்திலேயே தேயத் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் போய்விடும். செம்பூரில் குளிர்ந்த அறையில் பத்து மாதம் இருந்தவருக்கு, திருநெல்வேலியில் பதினைந்து வயதில் பெற்ற பழக்கம் எப்படித் துணை நிற்கும்?

இதனை உலகுக்கு நன்கு உணர்த்தியவை ஆழமான பொற்சுரங்கங்கள். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் புதிதாகச் சேர்ந்த தொழிலாளர்கள் வெப்பத்தால் மயங்கி மடிந்தார்கள். முதல் நாளிலேயே முழு வேலையைத் தராமல், வெப்பத்துக்குப் படிப்படியாகப் பழக்கியபின் சுரங்கத்துள் அனுப்பும் முறை அங்கு உருவாயிற்று. நமக்கு இன்னும் நெருக்கமான இடம் கோலார் தங்கவயல். வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் அங்கு மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் சூடேறிய பாறைகளுக்கிடையே உழைத்தார்கள். 1940களில் அங்கு மருத்துவராயிருந்த கேப்லன் என்பவர், சுரங்கத்துள் வெப்பத்தால் தொழிலாளர்கள் மயங்கி வீழ்வதை ஆராய்ந்து எழுதினார். அச்சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டன. ஆனால் இளமையும் வலிமையும் வாய்ந்த தமிழனுக்கும் வெம்மை இரக்கம் காட்டாது என்ற பாடம் மூடப்படவில்லை.

இளைஞனுக்கே இந்நிலை என்றால் முதியவருக்கு எப்படி? ஆண்டுகள் ஏற ஏற வியர்வைச் சுரப்பிகள் தளர்கின்றன. தோலின் குருதிக் குழாய்கள் முன்போல் விரிவதில்லை. இதயத்தின் உந்தும் ஆற்றல் குறைகிறது. சிறுநீரகம் நீரைத் தேக்கிவைக்கும் திறனை இழக்கிறது. எல்லாவற்றினும் கொடியது, தாக உணர்ச்சி மங்குவது. உடலில் நீர் வற்றும்போதும் மனம் “போதும்” என்கிறது. அந்தப் பானையில் நீர் குறையாமைக்குக் காரணம் பெரியவரின் பிடிவாதம் அன்று. அவருடைய தாகமே அவரை ஏமாற்றிவிட்டது.

ஆயினும் நம்பிக்கையான செய்தி ஒன்று உண்டு. முதிய உடலும் வெயிலைக் கற்கும். இளையோரைவிடச் சற்று மெதுவாகக் கற்கும், அவ்வளவே. ஆகவே கற்பிக்க வேண்டியது நம் கடன்.

எப்போது கற்பிப்பது? இங்கேதான் நம் ஊர்ப் பஞ்சாங்கம் நம்மை ஏமாற்றுகிறது. தமிழ்நாட்டில் கத்திரி வெயில் என்றால் மே மாதம். “அக்கினி நட்சத்திரம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்” என்று இங்கும் நம் வீடுகளில் சொல்கிறோம். மும்பையின் கணக்கு வேறு. சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தின் பழைய பதிவுகளைப் பாருங்கள். 1952 ஏப்ரல் 14 அன்று, சித்திரைப் பிறப்பை ஒட்டி, 42.2 பாகை செல்சியஸ். 1956 மார்ச் 28 அன்று, பங்குனியில், 41.7 பாகை. மே மாதத்தில் இந்நகரம் வியர்க்கும். ஆனால் திடீரென்று கொளுத்துவது பெரும்பாலும் மார்ச்சிலும் ஏப்ரலிலும்தான். காரணம் கடற்காற்று. நண்பகலுக்கு முன்னரே மேற்கிலிருந்து கடற்காற்று வந்துவிட்டால் நகரம் தப்பும். கிழக்கிலிருந்து வறண்ட நிலக்காற்று வலுத்து, கடற்காற்றைப் பிற்பகல்வரை தடுத்துவிட்டால் வெப்பம் ஏறிவிடும். 2025ஆம் ஆண்டிலோ பிப்ரவரி இறுதியிலேயே மும்பைக்கு வெப்ப அலை எச்சரிக்கை வந்தது. நம் நாட்டு வானிலைத் துறை கடலோர ஊர்களுக்கு, வழக்கத்தைவிட 4.5 பாகை மிகுந்து, 37 பாகையை எட்டினாலே வெப்ப அலை என்று கணக்கிடுகிறது.

பருவத்தின் முதல் வெப்ப அலையே பேராபத்து உடையது என்று பல நாடுகளில் கண்டறிந்திருக்கிறார்கள். அப்போது எந்த உடலும் பழகியிருக்காது. ஆகவே மாசி பிறக்கும்போதே பயிற்சியும் பிறக்க வேண்டும். அதன் முறையைச் சொல்கிறோம்.

தொடங்குமுன் மருத்துவரைக் காண வேண்டும். இதய நோய், சிறுநீரக நோய், நீரிழிவு உடையவர்கள் அவர் சொல்லாமல் பயிற்சியில் இறங்கலாகாது. மருந்துச் சீட்டு முழுவதையும் அவரிடம் காட்டி, “வெயிற்காலத்துக்கு இவற்றில் ஏதேனும் மாற்ற வேண்டுமா?” என்று கேளுங்கள். குருதி அழுத்தத்துக்காகக் கொடுக்கும் நீர் பிரிக்கும் மாத்திரைகள், இதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரைகள், தும்மலுக்கும் அரிப்புக்கும் உட்கொள்ளும் சில மாத்திரைகள், மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவை உடல் வெப்பத்தை வெளியேற்றுவதற்குத் தடையாகலாம். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். கேட்பதே உங்கள் வேலை. தாராவியில் இருப்போருக்குச் சயான் மருத்துவமனையின் நகர்ப்புற நலவாழ்வு மையம் அருகிலேயே இருக்கிறது.

பிறகு நடை. முதல் மூன்று நாட்கள், காலை இளவெயிலில் பத்து அல்லது பதினைந்து நிமிடம் போதும். இரண்டு நாட்களுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டுங்கள். இரண்டாம் வார முடிவில் முப்பது நாற்பது நிமிடத்தை எட்டலாம். நெற்றியில் மெல்லிய வியர்வை அரும்ப வேண்டும். மூச்சு வாங்கக் கூடாது. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். தலை சுற்றினால், நெஞ்சு படபடத்தால், உடனே நிழலில் உட்கார வேண்டும். மாட்டுங்காவினருக்கு ஐந்து தோட்டங்களின் மர நிழல் அருகிலே கிடைக்கும் வரம். மற்றவர்கள் பள்ளித் திடலையும் கட்டடத்தின் முற்றத்தையும் பயன்படுத்தலாம். நடக்க முடியாதவர் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து கைகால்களை அசைத்தாலும் பயன் உண்டு. இதில் மூன்று விதிகள் உண்டு. தனியே போகக் கூடாது. நாள் தவறக் கூடாது. எச்சரிக்கை வந்த நாளில் பயிற்சி கூடாது. வெப்ப அலை வந்தபின் செய்வது பயிற்சி அன்று, ஆபத்து.

குளிர்சாதனத்தை நாங்கள் பழிக்கவில்லை. கடும் வெப்ப நாளில் அது உயிர் காக்கும். ஆனால் மாசிக் காலையிலேயே அறையைப் பனிக்குகையாக்கி முதியவரை உள்ளே வைத்தால், அவர் உடல் எதையும் கற்காது; மின்சாரம் நின்ற அன்று அவர் கையில் ஒன்றும் இருக்காது. ஆகவே வெயில் கடுமையாகுமுன் பகலில் சில மணி நேரமேனும் இயற்கைக் காற்றில் இருக்கட்டும்.

அடுத்தது நீர். தாகத்தை நம்பாதீர்கள், கடிகாரத்தை நம்புங்கள். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு சிறு குவளை. பேரப்பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் காவற்காரரைவிடக் கண்டிப்பானவர்கள். இதயம் தளர்ந்தவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் நீரின் அளவை மருத்துவரே குறிக்க வேண்டும். அங்கே மிகுதியும் தீங்கு. மற்றவர்களுக்குச் சிறுநீரின் நிறமே அளவுகோல். வெளிர் மஞ்சளாக இருந்தால் நலம். அடர்ந்து கறுத்தால் நீர் போதவில்லை. நீர்மோர், நீராகாரம், இளநீர், எலுமிச்சைச் சாறு ஆகியன நம் வழக்கம். இந்நாட்டாரின் கோகம் சர்பத்தும் நல்லதே. பானகம் இனிது, நீரிழிவினருக்கு ஆகாது. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மோரிலும் உப்பைக் குறைக்க வேண்டும். மிக வியர்த்துச் சோர்ந்தவருக்கு, ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு சமமட்டக் கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். கரண்டி என்றது தேநீர்க் கரண்டியை.

இங்கே தாய்மார்களிடம் ஒன்றை மறைக்காமல் பேச வேண்டும். நம் மூதாட்டிகள் பலர் வேண்டுமென்றே நீரைக் குறைக்கிறார்கள். தாராவியின் சந்துகளில் பொதுக் கழிப்பிடத்துக்கு நடக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், இரவில் அச்சம், முழங்காலில் வலி. “குடித்தால்தானே போக வேண்டும்” என்று குடியாமலே இருந்துவிடுகிறார்கள். அவர்களிடம் “தண்ணீர் குடியுங்கள்” என்று நூறு முறை சொல்வதைவிட, ஒருமுறை கையைப் பிடித்து உடன் செல்வது மேல். இரவுக்கு வீட்டின் மூலையில் திரை கட்டி ஒரு வசதி செய்து கொடுப்பது மேல். இதில் வெட்கத்துக்கு இடமில்லை. அன்னையின் தாகத்துக்கும் நம் நாணத்துக்கும் இடையே ஒன்றைத் தேர வேண்டுமென்றால், எதைத் தேர்வது என்பது நமக்குத் தெரியும்.

இனி வீடு. தகரக் கூரை பகலில் வெளிவெயிலினும் மிகுதியாக அறையைச் சுடும். கூரைமேல் வெள்ளைப் பூச்சுப் பூசினால் உள்ளே சில பாகை குறையும். அகமதாபாத்தில் எளிய மக்களின் கூரைகளுக்கு இவ்வாறு வெள்ளை பூசும் திட்டத்தையே நடத்தியிருக்கிறார்கள். பங்குனிக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் இளைஞர்கள் மட்டையும் வாளியுமாகக் கூரையேறினால் எத்தனையோ குடும்பங்களுக்கு நலம் விளையும். அந்த வீட்டு முதியவர் நண்பகலில் வேறிடத்தில் இருப்பது இன்னும் நல்லது. மாடி வீடுள்ள உறவினரோ, சங்கத்தின் படிப்பறையோ அதற்கு உதவலாம். மாடி வீடுகளில் பகலில் வெயில் படும் ஜன்னலுக்குத் திரையிடுங்கள், இரவில் திறந்துவிடுங்கள். சமையலைக் காலையிலேயே முடித்து, பாட்டியை அடுப்படியிலிருந்து விடுவியுங்கள். ஈரத் துணியால் கை, கழுத்து, முகம் துடைத்து மின்விசிறியின்கீழ் அமர்வது எளிய நல்ல மருந்து. காற்றே 40 பாகையைத் தாண்டிவிட்டால் மின்விசிறி மட்டும் போதாது. அன்று குளிர்ந்த இடம் தேட வேண்டும்.

அன்பர்களே! உடலைப் பழக்கினோம், நீர் வைத்தோம், கூரைக்கு வெள்ளை பூசினோம். இவ்வளவும் செய்தும் ஒன்றை விட்டுவிட்டால் எல்லாம் வீண். அது மனிதத் துணை.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் சில நாட்களே வீசிய வெப்ப அலையில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் தனியே வாழ்ந்த முதியோர். சன்னலையும் கதவையும் தாழிட்டு உள்ளேயே இருந்தவர்கள். எரிக் கிளினென்பர்க் என்னும் சமூகவியலறிஞர் அதை ஆராய்ந்தார். அடுத்தடுத்து இருந்த இரண்டு ஏழைப் பேட்டைகளை ஒப்பிட்டார். தெருவில் கடையும் நடமாட்டமும் பேச்சுமாக இருந்த பேட்டையில் இறப்புக் குறைவு. ஆளரவம் அற்றுப்போன பேட்டையில் மிகுதி. இரண்டு இடத்திலும் வெயில் ஒன்றே. 2003 ஆகஸ்டில் பிரான்சு நாட்டில் ஏறத்தாழ 15,000 பேர் வெப்பத்தால் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் முதியோர். அது ஊரெல்லாம் விடுமுறைக்குச் சென்றிருந்த மாதம்.

நம் நாட்டிலும் 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 பாகையைத் தொட்டது. அம்மாதத்தில் வழக்கத்தினும் 1,344 பேர் மிகுதியாக இறந்தனர். அந்நகரத்தார் அழுதுவிட்டு அமைதியாக இருந்துவிடவில்லை. 2013இல் வெப்பத்தை எதிர்கொள்ளும் திட்டம் ஒன்றை வகுத்தார்கள். முன்னெச்சரிக்கை, மருத்துவர்க்குப் பயிற்சி, தண்ணீர்ப் பந்தல் எல்லாம் அதில் உண்டு. தெற்காசிய நகரங்களில் அதுவே முதல் என்பர். நம் வாசலிலும் ஒன்று நடந்தது. 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கரில், திறந்த திடலில் நடந்த விருது விழாவில் பல மணி நேரம் வெயிலில் அமர்ந்திருந்தவர்களுள் பத்துக்கு மேற்பட்டோர் வெப்பத்தாக்கால் உயிரிழந்தனர். அன்று அங்கு வெப்பம் 38 பாகை அளவே. அந்தச் செய்திக்குப் பின்னும், நம் சங்கம் ஏப்ரல் மாதப் பிற்பகலில் பந்தல் போட்டு முதியோரை இரண்டு மணி நேரம் உட்கார வைத்ததுண்டு. பிழை நம்முடையதே. இனி வேனில் மாதங்களில் நம் நிகழ்ச்சிகள் மாலை ஆறு மணிக்குப் பிறகே நடைபெற வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம்.

நம் மக்களின் வீடுகளை எண்ணிப் பாருங்கள். தாராவியில் கூரை சுடுகிறது. ஆனால் கதவு திறந்திருக்கிறது. ஒரு பாட்டி காலையில் வாசலில் காணாவிட்டால் எதிர்வீட்டுப் பெண் நண்பகலுக்குள் எட்டிப் பார்ப்பாள். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் சுவர் கெட்டி, அறை குளிர்ச்சி, ஆனால் கதவு சாத்தியிருக்கிறது. நாம் வறுமையை விட்டு வந்தபோது, நம்மை அறியாமலே ஒரு செல்வத்தையும் அங்கே விட்டு வந்துவிட்டோம். அந்தப் பெரியவரின் கட்டடத்தில் நம் சங்க உறுப்பினர் வீடுகள் மூன்று இருக்கின்றன. ஆண்டுச் சந்தாவுக்காக அவர் கதவைத் தட்டியவர்கள் நாம். அந்த மூன்று நாள் வெயிலில் எவரும் தட்டவில்லை. இதை எங்கள்மேலும் சேர்த்தே சொல்கிறோம்.

ஆகவே எங்கள் குழு ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறது. தனியே வாழும் முதியோர், பகலில் தனித்திருக்கும் முதியோர் ஆகியோரின் பெயரைத் தங்கள் தங்கள் கட்டடத்தில் எழுதித் தாருங்கள். இளைஞர் ஒருவருக்கு இரண்டு முதியவர். எச்சரிக்கை வந்த நாட்களில் நண்பகலில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கதவைத் தட்ட வேண்டும். தொலைபேசி போதாது, நேரில் முகம் பார்க்க வேண்டும். “நலமா?” என்று கேட்டால் நம் பெரியவர்கள் “நலம்” என்றே சொல்வார்கள். ஆகவே கேட்பதோடு நில்லாமல், ஒரு குவளை நீரைக் கையில் கொடுத்து, அவர் குடிக்கும்வரை இருந்து பேசிவிட்டு வாருங்கள்.

தட்டுகிறவர் அறிய வேண்டிய அடையாளங்களும் உண்டு. தலைவலி, குமட்டல், கால் தசைப்பிடிப்பு, மிகுந்த சோர்வு என்றால் நிழலும் நீரும் ஓய்வும் தந்து அருகிலிருங்கள். பேச்சுக் குழறினால், ஆள் தெரியாவிட்டால், நடை தள்ளாடினால், உடல் கொதித்தால் அது வெப்பத்தாக்கு. உடலின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கலாம். தோல் வறண்டிருக்க வேண்டும் என்பதில்லை, வியர்வையும் இருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல் குளிர்வியுங்கள். ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீர் தெளித்து, வேகமாக விசிறுங்கள். பனிக்கட்டி இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. முதியோர்க்கான நாடளாவிய உதவி எண் 14567. அதையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

பெரியோர்களே! உங்களிடமும் ஒரு சொல். நீங்கள் யாருக்கும் சுமையாகக் கூடாது என்று எண்ணுகிறீர்கள். அந்த எண்ணத்தாலேயே தாகத்தையும் தளர்ச்சியையும் மறைக்கிறீர்கள். நீங்கள் கேட்கும் ஒரு குவளை நீர் சுமை அன்று. நீங்கள் கேளாமல் விட்ட குவளையே எங்களுக்குச் சுமையாகும். அதை வாழ்நாள் முழுதும் நாங்கள் தூக்க வேண்டியிருக்கும்.

முன்வரிசையில் இருக்கும் நம் பெரியவர் இப்போது நாள்தோறும் காலையில் பேரன் கையைப் பிடித்து நடக்கிறார். பேரன் கடிகாரத்தைப் பார்த்து நீர் தருகிறான். சில நாள் அவனுடைய பெயர் அவருக்கு நினைவில் வருகிறது. சில நாள் வருவதில்லை. வராத நாளில் அவனே தன் பெயரைச் சொல்லிவிட்டுக் குவளையை நீட்டுகிறான். அவர் குடிக்கிறார்.

தாய்மொழியை இம்மண்ணில் நாம் எப்படிக் காத்து வருகிறோம்? பிறந்தபோது கற்றோம் என்று விட்டுவிடவில்லை. ஆண்டுதோறும் கூடி, பேசி, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக் காக்கிறோம். உடலின் பழக்கமும் அவ்வாறே. ஆண்டுதோறும் மாசியில் புதிதாகக் கற்றாக வேண்டும்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது நம் முன்னோர் மொழி. இந்த ஆண்டு வெயில் வருமுன்னரே, நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நாம் நிழலாக நிற்போம். மண்டப வாயிலில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். முதியவரின் பெயரை ஒரு பக்கத்திலும், கதவைத் தட்டப் போகிறவரின் பெயரை எதிர்ப்பக்கத்திலும் எழுத வேண்டும். வீட்டுக்குத் திரும்புமுன் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.